புகை வருகிறதா, இல்லையா: பழைய டொல்பின் வேனின் காலைத் தகராறு

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது, நம்மூரில் எல்லோரும் டொல்பின் என்று அழைக்கும் பழைய டொயோட்டா ஹையேஸ் வேன். 2.8 லீற்றர் 3எல் டீசல் எஞ்சின், மெக்கானிக்கல் டீசல் பம்ப், டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர், ஸ்டார்ட் செய்யும் முன் எரியும் அறையைச் சூடாக்கும் நான்கு ஹீட்டர் பிளக் என்பவற்றைத் தாண்டி அதில் மறைவான சூட்சுமம் எதுவும் கிடையாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது என்பதால், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படிப்பட்ட வேன்களை விற்க மனமின்றியும் புதியது வாங்க வழியின்றியும் வைத்துப் பராமரித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த அனுபவம் பயன்படக்கூடும். கணினி பொருத்திய புதிய வாகனங்களில் முடியாத ஒரு காரியம் இவற்றில் முடியும்: ஒரு சாதாரண மல்டிமீட்டர், வயர் பொருத்திய ஒரு சிறு பல்ப், நாலைந்து ஸ்பானர், ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்) ஆகியவை இருந்தால், ஸ்டார்ட் ஆகாததற்கான காரணத்தில் பெரும்பகுதியை வீட்டு முற்றத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மாரி தொடங்கிய நாட்களில்தான் எங்கள் வேன் முரண்டு பிடிக்கத் தொடங்கியது. காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டரால் சுழற்றினால்தான், எஞ்சின் பிடிக்கும். பிடித்த பின்னும் சிறிது நேரம் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்வதுபோல் உடம்பு முழுவதும் உதறும். பிறகு ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். அதே வேன் நண்பகலில் சந்தையடியில் நிறுத்திவிட்டு வந்து திறப்பைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். முதலில் காட்டிய கராஜில், கேள்வி எதுவும் கேட்காமலேயே, டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்றார்கள். பம்பைக் கழற்றினால் டீசல் தெளிக்கும் நேரத்தை, அதாவது ரைமிங்கை, மீண்டும் வைக்க வேண்டும், சீல் மாற்ற வேண்டும், சோதனை மேசையில் அளவு பிடிக்க வேண்டும், செலவு சிறியதல்ல. சூடாக இருக்கும்போது இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டிக்குப் பம்ப் காலையில் மட்டும் பழுதாகுமா என்ற சந்தேகத்தோடு, பல காலமாக டீசல் வேலையே செய்துவரும் ஏறாவூர் நானா ஒருவரிடம் போனேன். அவர் பொனற்றைத் திறக்கவும் இல்லை, எஞ்சினை மூடியிருக்கும் சீற்றைத் தூக்கவும் இல்லை. “தம்பி, செல்ஃப் அடிக்கக்குள்ள சைலன்சரால புகை வருதா, இல்லையா? அதைப் பார்த்திட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

அந்தக் கேள்வியின் பெறுமதி பிறகுதான் முழுதாக விளங்கியது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளிழுத்த காற்றை ஏறத்தாழ இருபத்திரண்டில் ஒரு பங்காக அழுத்தும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் தெளிக்கப்படும் டீசல் தானாகப் பற்றுகிறது. ஆகவே எஞ்சின் பிடிப்பதற்குப் போதிய வேகத்தில் சுழற்சி, போதிய வெப்பம், உரிய நேரத்தில் டீசல் ஆகிய மூன்றும் வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரிலிருந்து கண்ணை எரிக்கும் வெண்புகை வருமானால், டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியாமல் ஆவியாகி வெளியேறுகிறது என்று பொருள். குறை வெப்பத்திலோ சுழற்சியிலோ அழுத்தத்திலோ இருக்கிறது. புகையே இல்லையானால், டீசல் சிலிண்டரை வந்தடையவில்லை. அப்போது ஹீட்டர் பிளக்கை ஆராய்வதில் பயனில்லை. ஒருவர் திறப்பைத் திருப்ப இன்னொருவர் பின்னால் நின்று பார்த்தால் போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். எங்கள் வீட்டில் மச்சான் திறப்பைத் திருப்பினார், நான் பின்னால் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் நெடுநேரம் புகையின் சுவடே இல்லை. பிறகு மெல்லிய வெண்புகை தொடங்கி, தடித்து, முற்றத்தையே மூடிய பின்னர்தான் எஞ்சின் பிடித்தது. இரண்டு நோய்களின் அடையாளமும் ஒரே காலைப்பொழுதில், ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன.

ஆனாலும் புகையைப் பற்றி முடிவெடுக்கும் முன் சுழற்சியைச் சரிபார்த்தாக வேண்டும். சுழற்சி மந்தமானால் மற்ற எல்லாச் சோதனைகளும் பொய் சொல்லும். மெதுவாகச் சுழலும் எஞ்சினில் அழுத்தப்படும் காற்று, தன் வெப்பத்தைச் சிலிண்டர் சுவருக்கு இழக்க நேரம் கிடைத்துவிடுகிறது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மீதம். அதைவிட முக்கியமானது செல்ஃப் அடிக்கும்போது காட்டும் அளவு: அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி களைத்துவிட்டது என்றோ, ஸ்டார்ட்டர் மோட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது என்றோ கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் சார்ஜ் ஆவதில்தான் குறை; புதிய பற்றரி வாங்கினாலும் சில வாரங்களில் அதே கதை திரும்பும்.

எங்கள் பற்றரி இந்தச் சோதனைகளில் தேறியது, ஆனால் சுழற்சியில் மட்டும் ஒரு சோம்பல் இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பின் சுத்தமான பகுதியிலும் வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்த்தபோது, அரை வோல்ட்டுக்கும் மேலே காட்டியது. எர்த் வயர் சரியாக இருந்தால் அந்த இடத்தில் சுழியத்தை ஒட்டிய அளவுதான் வர வேண்டும். அங்கே தொலையும் ஒவ்வொரு பங்கும் மோட்டருக்குப் போய்ச் சேராத பங்கு. கழற்றிப் பார்த்தால், வெளியே நன்றாகத் தெரிந்த வயரின் முனைக்குள் பச்சைக் களிம்பு பூத்து, செப்பு இழைகள் கையில் பொடியாக உதிர்ந்தன. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக வாழும் எழுவான்கரைக்காரர்களுக்கு (மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையோரத்தவர்களுக்கு) இது புதிய செய்தியல்ல. உப்புக்காற்று கூரைத் தகரத்தை மட்டும் தின்பதில்லை. புதிய எர்த் வயர் போட்டு, பொருந்தும் இடத்தை அரத்தாளால் தேய்த்து இறுக்கிய பின் சுழற்சி கேட்கும்போதே வேறாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் காதும் உதவும். திறப்பைத் திருப்பும்போது ‘டிக்’ என ஒரே ஒரு கனத்த சத்தம் மட்டும் வந்து எஞ்சின் அசையாவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டரின் தலையிலுள்ள சொலனொயிட் என்ற மின்காந்த சுவிட்சின் உள்ளே இருக்கும் செப்புத் தகடுகள் தேய்ந்திருக்கலாம். பழைய வேன்களில் அடிக்கடி காணும் குறை இது, தகடுகளை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும். ‘டிக் டிக் டிக்’ என்று விரைவாக அடித்துக்கொண்டால் பற்றரி அல்லது அதன் முனைகளைப் பார்க்க வேண்டும். கியர் வண்டியைத் தள்ளிவிட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது என்றால், டீசலும் வெப்பமும் ஓரளவு சரி, சுழற்சிதான் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எர்த் வயரை மாற்றிய பிறகு காலைத் தகராறு குறைந்ததே தவிர நீங்கவில்லை. அடுத்தது ஹீட்டர் பிளக். ‘இந்த வெயில் ஊரில் ஹீட்டர் பிளக் எதற்கு, அது நுவரெலியாக்காரனுக்கு’ என்ற பேச்சை நம் பக்கத்தில் பலரிடம் கேட்கலாம். இப்போது வரும் நேரடித் தெளிப்பு எஞ்சின்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. 3எல் போன்ற பழைய எஞ்சின்களில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதில்லை. தலைப்பகுதியிலுள்ள ஒரு சிறு சுழல் அறையில் தெளிக்கப்படுகிறது. அந்த அறையின் சுவர்கள், குளிர்ந்திருக்கும்போது, அழுத்தத்தால் பிறக்கும் வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே மாரிக் காலத்து விடியலில், வெளியே 23 அல்லது 24 பாகை இருக்கும்போதும், இவ்வகை எஞ்சின்களுக்கு ஹீட்டர் பிளக் வேண்டும். இளம் எஞ்சினுக்கு அது இல்லாமலும் எப்படியோ சமாளிக்க முடியும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் சற்றுக் குறைந்த எஞ்சினால் முடியாது.

டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்துப் பிளக்குகள் நன்றாக இருக்கின்றன என்று நம்புபவர்கள் உண்டு. அந்த விளக்கு நேரக் கணிப்பியின் சொற்படி எரிகிறதே தவிர, பிளக் உண்மையில் சூடானதா என்று அதற்குத் தெரியாது. நான்கும் செத்திருந்தாலும் அது உரிய நேரத்தில் எரிந்து அணையும். சோதிக்க முன் சீற்றைத் தூக்கி, நான்கு பிளக்குகளையும் இணைக்கும் உலோகப் பட்டையை முதலில் கழற்ற வேண்டும். பட்டை இருக்கும்போது அளந்தால், ஒன்று நன்றாக இருந்தாலும் நான்கும் நன்றாக இருப்பதுபோலக் காட்டும். பிறகு பல்பின் ஒரு வயரைப் பற்றரியின் பொசிற்றிவ்வில் கொடுத்து, மறு வயரால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட வேண்டும். பல்ப் எரிந்தால் பிளக்கின் உள்ளிருக்கும் சுருள் அறுபடவில்லை. எரியாவிட்டால் அது போய்விட்டது. மல்டிமீட்டரில் ஓம் அளவு பார்ப்பவர்கள், நல்ல பிளக் ஏறக்குறைய ஓர் ஓம் அல்லது அதற்கும் குறைவாகவே காட்டும் என்பதையும், மீட்டர் வயர்களின் சொந்தத் தடையை அதிலிருந்து கழிக்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எங்கள் வேனில் இரண்டில் பல்ப் எரியவே இல்லை. மூன்றாவதில் எரிந்தது, ஆனால் அதன் தலையிலிருந்த நட் கையாலேயே சுழன்றது; பட்டையின் அந்த முனை கருகி நீலம் பூத்திருந்தது. ஆக, விடியலில் உண்மையாகச் சூடானது ஒன்றுதான். ஸ்டார்ட் ஆனவுடன் வண்டி உதறியதும் ஏனென்று இதனால் விளங்கியது: ஒவ்வொரு சிலிண்டராகச் சூடாகி வரிசையில் சேரும்வரை மற்றவை வெண்புகையைத் துப்பிக்கொண்டிருந்தன. நான்கையும் ஒன்றாகவே மாற்றினேன், ஏனெனில் மீதமிருந்தவையும் அதே வயதுடையவை. கழற்றும் வேலையை எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது, மெல்ல மெல்ல, முன்னும் பின்னும் அசைத்துச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு முனை உள்ளே முறிந்தால் ஹெட்டைக் கழற்றும் நிலை வரலாம். கழற்றிய பிளக்கின் முனை வீங்கியோ உருகியோ இருந்தால், அந்தச் சிலிண்டரின் நொசில், அதாவது இன்ஜெக்டரின் முனை, டீசலைத் தூவாமல் ஒழுக விடுகிறதா என்றும் பார்ப்பது நல்லது. புதியது வாங்கும்போது உடலில் பொறித்திருக்கும் வோல்ட் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுவது மிக அவசியம். இந்த எஞ்சின் குடும்பத்தில் விரைவாகச் சூடாக்கும் முறை கொண்டவற்றுக்கு 6 வோல்ட் பிளக்குகள் வருவதுண்டு. அவற்றுக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதித்தால் சோதனையோடு பிளக்கின் ஆயுளும் முடிந்துவிடும். பிளக்குகள் நல்லவையாக இருந்தும் சூடாகாவிட்டால், திறப்பைப் போட்டவுடன் பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பல்பால் பார்த்தால், அந்த மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயின் நிலை தெரிந்துவிடும்.

இனி, புகையே வராத அந்த முதல் நேரம். என் கணிப்பில், பழைய டீசல் வாகனங்களில் ஆளை அதிகம் அலைக்கழிக்கும் குறை இதுதான். இந்த வகை எஞ்சினில் எரிபொருள் தாங்கியிலிருந்து டீசலைத் தள்ளித் தர வேறு பம்ப் இல்லை. டீசல் பம்ப் தன் உள்ளிருக்கும் சிறகுகளால் தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாய் முழுவதும் உறிஞ்சும் பக்கம். அதில் நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசிவதைவிடக் காற்று உள்ளே போவதே அதிகம், ஓட்டை விழுந்த ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சுவதுபோல. கீழே ஒரு சொட்டும் விழாது, நிலம் காய்ந்திருக்கும், கசிவு இல்லை என்று கராஜில் சத்தியம் செய்வார்கள். ஓடும்போது பம்பின் இழுப்பில் அந்தக் காற்று ஓரளவு சமாளிக்கப்படும். இரவு நிறுத்தியபின் வெடிப்பின் வழியே காற்று நுழைய, குழாயில் நின்ற டீசல் மெல்ல மெல்லத் தாங்கிக்குத் திரும்பும். காலையில் பம்ப் முதலில் காற்றைத்தான் இழுக்கிறது. நண்பகலில் ஓரிரு மணித்தியாலம் நிறுத்தினால் டீசல் வடிவதற்குப் போதிய நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் அப்போது உடனே பிடித்தது.

இதை உறுதிசெய்ய எளிய வழிகள் இருக்கின்றன. முதலாவது, காலையில் திறப்பைத் தொடுவதற்கு முன் பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அழுத்துவது. எங்கள் கைப்பம்ப் முதலில் வெறும் பலூன்போல இளகிக் கிடந்து, பல முறை அழுத்திய பின்தான் இறுகியது. அதன்பின் செல்ஃப் அடித்ததும் புகை உடனே வந்தது. இரண்டாவது, வண்டியைச் சரிவில் நிறுத்திப் பார்ப்பது. எங்கள் ஊரில் சரிவைத் தேடுவது கடினம். மாரி வெள்ளம் வளவுக்குள் வரக் கூடாதென்று படலையடியில் கிரவல் போட்டு உயர்த்திய ஒரு சிறு ஏற்றம் இருந்தது, அதுவே போதுமாயிற்று. முன்பக்கம் கீழிறங்க நிறுத்திய காலைகளில் வண்டி எளிதாகப் பிடித்தது. முன்பக்கம் மேலேறி நின்ற காலைகளில் அடம் கூடியது. தாங்கியைவிட எஞ்சின் உயர்ந்திருந்தால் டீசல் பின்னோக்கி வடியும் என்பதால், இந்த வேறுபாடு காற்றுக் கசிவைத் தெளிவாகவே காட்டுகிறது.

மூன்றாவது, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடிக் குழாய்த் துண்டொன்றைத் தற்காலிகமாகப் பொருத்துவது. காலையில் அதில் டீசல் இல்லாமல் பாதி வெறுமையாக இருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கடுகளவுக் குமிழிகள் சரம் சரமாகப் போய்க்கொண்டிருந்தன. நான்காவது சோதனைதான் பம்பின் மீது விழுந்த பழியைத் தீர்த்தது. சுத்தமான டீசல் நிறைத்த ஒரு சிறு கலனைப் பம்பைவிட உயரத்தில் அசையாமல் வைத்து, வடிகட்டிய டீசலை நேராகப் பம்புக்குக் கொடுத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டேன். மறுநாள் விடியலில் எஞ்சின் தயக்கமின்றிப் பிடித்தது. பம்ப் நல்லது, குறை அதற்கு முந்திய பாதையில். அங்கிருந்து பின்னோக்கித் தேடியதில், கைப்பம்பின் ரப்பர்ச் சவ்வு விறைத்து வெடித்திருந்ததும், பில்டருக்கு வரும் ரப்பர்க் குழாயின் நுனி கிளிப்புக்குக் கீழே கல்போல் இறுகியிருந்ததும் தெரிந்தன. பில்டர் தலையையும் அந்தக் குழாயையும் மாற்றினேன். கண்ணாடிக் குழாயைப் பிறகு கழற்றிவிட வேண்டும், ஏனெனில் நாளடைவில் அதுவும் விறைத்துப் புதிய கசிவாகும்.

பில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, ஒரு போத்தலில் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பது மாரிக் காலத்தில் நல்ல வழக்கம். தண்ணீர் இருந்தால் அடியில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களிலும் பீப்பாய்களிலும் டீசலைச் சேர்த்து வைத்தவர்களின் வாகனங்களுக்கு, அந்தப் பாத்திரங்களின் அடியிலிருந்த துருவும் தண்ணீரும் சேர்ந்தே போயின.

புகையும் இல்லை, கைப்பம்பும் இறுக்கமாக இருக்கிறது என்றால், பம்பின் பின்புறத்திலுள்ள, திறப்பை அணைக்கும்போது டீசலை அடைத்து எஞ்சினை நிறுத்தும் சொலனொயிட்டைக் கவனிக்க வேண்டும். திறப்பைப் போடும்போது அதிலிருந்து ‘டக்’ என்ற சிறு சத்தம் விரலுக்கும் தெரியும், காதுக்கும் தெரியும். சத்தம் இல்லையானால் அதற்கு 12 வோல்ட் வருகிறதா என்று முதலில் பார்த்து, வராவிட்டால் பியூசையும் வயரையும் தேட வேண்டும். பற்றரியிலிருந்து தனி வயர் கொடுத்துச் சோதிக்கலாம், ஆனால் அந்த வயர் இருக்கும்வரை திறப்பை அணைத்தாலும் எஞ்சின் நிற்காது என்பதை அருகில் நிற்பவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். அதன்பின் ஒரு இன்ஜெக்டரின் குழாய் நட்டை 17 ஸ்பானரால் ஒரு சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்தால், டீசல் விட்டுவிட்டுத் துள்ளி வருவது தெரியும். கண்ணாடி அணிந்துகொண்டு, கையை அப்பால் வைத்தே இதைச் செய்ய வேண்டும். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் வைத்தியசாலைக்குத்தான் ஓட வேண்டும்.

பெற்றோல் நனைத்த துணியைக் காற்று உறிஞ்சும் வாயில் பிடித்து ஸ்டார்ட் செய்வது நம்மூரில் பலருக்குக் கைவந்த கலை. ஹீட்டர் பிளக் செந்தணலாக இருக்கும் எஞ்சினுக்குள் பெற்றோல் ஆவி போனால் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் விளிம்புகள் உடையும், துணி தீப்பற்றிக் கையும் வேகும். ஸ்டார்ட்டரையும் பத்துப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

வீட்டில் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லையும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் வழமைக்கு மாறாக இலேசாகவும் வேகமாகவும் சுற்றி, அழுத்தத்தின் ஏற்ற இறக்கச் சத்தமே கேட்காவிட்டால், வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் பொருத்தி இயக்கும் ரைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே கையை எடுத்துவிட வேண்டும், ஏனெனில் 3எல் எஞ்சினில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அந்த பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதனால்தான். சுழற்சி, பிளக், டீசல் மூன்றும் சரியென்று உறுதியான பின்னும் வெண்புகையோடு திணறினால், அழுத்த அளவையும் நொசில்களையும் பம்பின் ரைமிங்கையும் அதற்குரிய கருவியுள்ளவர் பார்க்க வேண்டும். அப்போதும் வெறுங்கையோடு போகாமல், செல்ஃப் அடிக்கும்போது பற்றரி எத்தனை வோல்ட்டுக்கு இறங்குகிறது, எத்தனை பிளக் எரிகின்றன, வெளியிலிருந்து நேராக டீசல் கொடுத்தபோது என்ன நடந்தது, புகை எப்போது எந்த நிறத்தில் வந்தது என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் ஏன் என்று கேட்க முடியும்.